பர்மா தேக்கு நின்ற பிறகு

புதுக்கோட்டையில் ஒரு வீட்டின் வயதைக் கேட்டால் மேஸ்திரி வாசல் கதவைப் பார்ப்பதில்லை. அண்ணாந்து, ஜன்னலுக்கு மேலே நீட்டியிருக்கும் சன்ஷேடின் அடிப்பக்கத்தைப் பார்க்கிறார். சென்ட்ரிங் பலகையின் ரேகை காங்கிரீட்டில் பதிந்திருந்தால் ஒரு காலம். தகரம் அடித்த வழவழப்பு தெரிந்தால் அதற்குப் பிந்தைய காலம். சன்ஷேடு வீட்டின் மூலையில் முறியாமல் வளைந்து திரும்பினால் நாற்பதுகளின் கடைசி, இல்லையென்றால் ஐம்பதுகள். நேர்ப்பட்டையாக நின்றால் அறுபதுகளுக்கு வந்துவிட்டோம் என்று பொருள். வீட்டுக்காரர் உள்ளே போய்ப் பழைய பத்திரத்தைத் தேடி எடுத்து வருவதற்குள் இவர் ஒரு கணக்குச் சொல்லியிருப்பார்.

அரிமளம் பக்கத்துக்காரர். அறுபதுகளில் அப்பாவுக்குக் கையாளாகச் சாந்துச் சட்டி தூக்கி, கொத்தனாராகி, மேஸ்திரியானவர். புது வீட்டு வேலைகளையெல்லாம் பிள்ளைகளிடம் விட்டுவிட்டார். இப்போது அவர் தேடிப் போவது ஒரே வகை வேலையைத்தான்: ஏறக்குறைய 1945-க்கும் 1970-க்கும் இடையில் எழுந்த வீடுகளைப் பழுதுபார்ப்பது. அந்த வீடுகள் மேல் அவருக்கு இருக்கும் பிடிப்பு, தொழில் பிடிப்பு மட்டும் இல்லை. ஒரு வழக்கறிஞர் தன் கட்சிக்காரருக்காகப் பேசுவதுபோல் அவற்றுக்காகப் பேசுகிறார்.

“அரண்மனைக்கு ஆள் இருக்கு. செட்டிநாட்டு வீட்டுக்கு வெள்ளைக்காரன் வரைக்கும் ஆள் இருக்கு. குடிசைக்குக்கூட கவர்மெண்டுல திட்டம் இருக்கு. நடுவுல கட்டின இந்த வீட்டுக்குத்தான் கேட்க நாதி இல்ல” என்கிறார்.

அவர் சொல்வது சரிதான். செட்டிநாட்டு ஊர்கள் 2014-இல் யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் ஏறின. அதில் பேசப்படும் மாளிகைகள் பெரும்பாலும் 1940களுக்கு முந்தியவை. அந்தக் கதை முடிகிற இடத்தில்தான் மேஸ்திரியின் வீடுகள் தொடங்குகின்றன.

திருமயம், பொன்னமராவதிப் பக்கத்துச் செட்டிநாட்டு ஊர்களான ராயவரம், கடியாபட்டி, கோனாபட்டு, ராங்கியம், குழிபிறை எல்லாமே கடல் கடந்த வரவில் எழுந்தவை. 1930களின் இறுதியில் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் கால்பங்கு நிலம் செட்டியார்கள் கைக்கு வந்திருந்தது. அந்தப் பணத்தில்தான் பர்மா தேக்குத் தூணும் இத்தாலி மார்பிளும் ஜப்பான் டைல்ஸும் இங்கிலாந்து இரும்பு உத்தரமும் இந்த வறண்ட பூமிக்கு வந்து சேர்ந்தன. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் வசம் போனது. வரவு நின்றது, மரமும் நின்றது. போர் முடிந்தும் பழைய நிலை திரும்பவில்லை. 1948-இல் சுதந்திர பர்மா நிலங்களை நாட்டுடைமையாக்கச் சட்டம் போட்டது.

அதே ஆண்டு மார்ச் 3-ஆம் தேதி புதுக்கோட்டை சமஸ்தானமும் இந்திய ஒன்றியத்தோடு சேர்ந்து, திருச்சி மாவட்டத்தின் ஒரு பகுதியானது. (தனி மாவட்டமாக ஆனது 1974-இல்.) அதன் பிறகு ஊரில் வீடு கட்டுகிற ஆளே மாறிப்போனார். பள்ளிக்கூட ஆசிரியர், வக்கீல், தாலுகா ஆபீஸ் குமாஸ்தா, மருத்துவர், மளிகை மண்டிக்காரர். ரங்கூனிலிருந்து திரும்பிய குடும்பங்களில் சிலர் ஊர்ப் பெரிய வீட்டைப் பூட்டிவிட்டு டவுனில் அளவாக ஒன்று கட்டிக்கொண்டார்கள். இவர்களிடம் தேக்குக்குக் காசு இல்லை. இருந்தாலும் தேக்கு இல்லை.

சிமெண்ட் இருந்தது. திருச்சிக்கு அந்தப் பக்கம் டால்மியாபுரத்தில் 1939-இல் ஆலை தொடங்கியிருந்தது. அதற்குப் பத்தாண்டு முன்பே, 1929-இல், திருச்சியிலிருந்து புதுக்கோட்டைக்கு ரயில் வந்துவிட்டது. மாவட்டம் முழுக்கக் கருங்கல், உடைத்தால் ஜல்லி. வெள்ளாற்றில் மணல். காங்கிரீட்டுக்கு வேண்டிய நான்கில் மூன்று கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தன. கம்பி ஒன்றுதான் வெளியிலிருந்து வர வேண்டும்.

ஆனால் சிமெண்டை நினைத்தபோது வாங்க முடியாது. போர்க்காலத்தில் வந்த கட்டுப்பாடு 1982-இல்தான் பாதி தளர்ந்தது, 1989-இல் முழுதாகப் போனது. அதுவரை பெர்மிட் எழுதி வாங்க வேண்டும். பெர்மிட் கிடைக்காமல் பாதிச் சுவரோடு நின்ற வீடுகளை மேஸ்திரி சிறுவயதில் நிறையப் பார்த்திருக்கிறார். அதனால் அக்காலத்து வீட்டில் சிமெண்ட் எங்கே போகும் என்பதற்கு ஒரு நியதி உண்டு. சுவர், செங்கல்லும் சுண்ணாம்புக் கலவையும். சிமெண்ட் போவது தளத்துக்கும் சன்ஷேடுக்கும் தரைக்கும் மட்டும். கதவுக்கும் நிலைக்கும் நாட்டுத் தேக்கு, வேங்கை, வேம்பு. ஆலங்குடி, வடகாடு பக்கம் என்றால் பலா. இன்றைக்கு அந்தச் சுவரில் ஆணி அடித்தால் பொலபொலவென்று கொட்டுகிறது என்று குறைசொல்பவர்களுக்கு மேஸ்திரியின் பதில் ஒன்றுதான்: சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும், மேலே சிமெண்ட் பூசி அதை அடைக்காதீர்கள்.

அவருடைய அப்பா பழைய வேலையில் தேர்ந்தவர். தேக்கு உத்தரங்களை நெருக்கமாகப் போட்டு, மேலே சின்னச் செங்கல்லைக் குத்துக்கல்லாகச் சாய்த்து அடுக்கி, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் தெளித்துப் பெண்கள் கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்கும் மெட்ராஸ் டெரஸ் அவருக்குக் கை வந்த கலை. முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெருகேற்றும் செட்டிநாட்டுப் பூச்சும் தெரியும். அப்படிப்பட்டவர் நாற்பதைத் தாண்டிய வயதில் ஒரு பொதுப்பணித்துறை ஓவர்சியரிடம் கம்பி வளைக்கக் கற்றுக்கொண்டார். தளத்தில் கம்பி அடியில் ஓட வேண்டும், சன்ஷேடில் மேலே ஓட வேண்டும் என்பது அவர் அங்கே கற்ற முதல் பாடம். மகனுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடமும் அதுதான்.

இந்த வீடுகளுக்கு ஆர்க்கிடெக்ட் கிடையாது. ஓவர்சியர் ஒரு தாளில் போட்டுத்தந்த படம், மேஸ்திரிகளின் கைக்கணக்கு, வீட்டுக்காரர் மதராஸிலோ திருச்சியிலோ பார்த்துவிட்டு வந்த ஒரு முகப்பு, இவ்வளவுதான். ஆனால் வெயிலைப் புரிந்துகொண்டு கட்டியிருக்கிறார்கள். இதைச் சொல்லும்போது மேஸ்திரி தரையில் குச்சியால் கோடு போடத் தொடங்கிவிடுவார்.

புதுக்கோட்டை பத்தரை டிகிரி வட அட்சரேகையை ஒட்டி இருக்கிறது. சித்திரை பிறந்த சில நாளில் உச்சிப்பொழுதுச் சூரியன் நேர் தலைக்கு மேல் வருகிறது. பிறகு வடக்கே சாய்ந்து, ஆவணியில் மறுபடி தலைக்கு மேலாகத் திரும்பித் தெற்கே போகிறது. ஆகவே இங்கே வடக்குச் சுவருக்கும் வெயில் உண்டு. வடக்கு என்றால் எப்போதும் நிழல் என்று நினைத்துக் கட்டுவது டெல்லிக்காரர் கணக்கு. இரண்டடி சன்ஷேடு வடக்குச் சுவரில் ஆனி மாத உச்சிவெயிலுக்கு எட்டடிக்கு மேல் நிழல் தரும். தெற்குச் சுவரில் மார்கழி உச்சிவெயில் சாய்வாக வருவதால் அதே இரண்டடி, மூன்றடி நிழல்தான் தரும். நான்கடி ஜன்னலில் கடைசி ஒரு அடிக்கு மார்கழி வெயில் உள்ளே வரும். அந்தக் குளிருக்கு அது வேண்டியதுதான். கிழக்கிலும் மேற்கிலும் சன்ஷேடு பெரிதாக உதவாது, வெயில் படுத்துக்கொண்டு வருகிறது. அதனால்தான் அந்தப் பக்கங்களில் வராந்தா, போர்டிகோ, சிமெண்ட் ஜாலி.

மச்சுவாடியிலும் ராஜகோபாலபுரத்திலும் திருக்கோகர்ணத்திலும் நடந்து பார்த்தால் ஜாலிகளே ஒரு தனிக் கண்காட்சி. சதுரத்துக்குள் வட்டம், நான்கு இதழ்ப் பூ, தேன்கூடு, சாய்ந்த பட்டை. மர அச்சில் சிமெண்ட் கலவையை ஊற்றி, நடுவில் மெல்லிய கம்பி வைத்து, நனைத்துப் பதப்படுத்திய துண்டுகள். மாடிப்படி ஏறும் சுவர் முழுக்க ஜாலி வைத்தால் அந்தப் படிக்கட்டே வீட்டின் புகைபோக்கியாகிவிடுகிறது: சூடான காற்று அதன் வழியே மேலேறி வெளியே போகும், கீழ் ஜன்னல் வழியே புதுக்காற்று வரும். ஆடிக்காற்று அடிக்கும் மூன்று மாதமும் மின்விசிறி தேவைப்படாத கூடங்கள் இந்த ஊரில் உண்டு. முற்றம் போனதற்கு ஈடாக அவர்கள் கண்டுபிடித்த வழி இது. கூரைக்குக் கீழே வரிசையாக வைத்த வென்டிலேட்டர்களும் அதே வேலையைத்தான் செய்கின்றன. இப்போது ஏ.சி. போட்டவுடன் முதலில் அடைபடுவது அவைதான். அதன் பிறகு ஏ.சி. இல்லாமல் அந்த அறையில் உட்கார முடியாது.

இதே ஆண்டுகளில் உலகம் முழுக்க வீடு என்றால் என்ன என்ற கேள்வி புதிதாக எழுந்தது. போர் முடிந்திருந்தது, ஆலைகளில் எஃகும் கண்ணாடியும் பிளைவுட்டும் இருந்தன, வீடில்லாத குடும்பங்கள் இருந்தன. கலிபோர்னியாவில் ‘ஆர்ட்ஸ் அண்ட் ஆர்க்கிடெக்சர்’ பத்திரிகை 1945-இல் மாதிரி வீடுகள் கட்டும் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அதில் எட்டாவது வீட்டை சார்லஸ் ஈம்ஸும் ரே ஈம்ஸும் 1949-இல் தங்களுக்காகவே கட்டிக்கொண்டார்கள், ஆலைகளில் தயாராகக் கிடைத்த பாகங்களை வைத்து. அந்தக் கால வீடுகளைத்தான் இன்று ‘மிட்-செஞ்சுரி மாடர்ன்’ என்று உலகம் கொண்டாடுகிறது. இந்தியாவில் சண்டிகர் 1951-இல் தொடங்கியது. அங்கே மாக்ஸ்வெல் ஃப்ரையும் ஜேன் ட்ரூவும் பியர் ஜான்னரேயும் அரசு ஊழியர்களுக்குக் கட்டிய சிறுவீடுகளில் செங்கல் ஜாலியும் ஆழமான ஜன்னல் மறைப்பும் இருக்கின்றன. 1954-இல் டெல்லியில் மலிவு வீடுகளுக்கென்றே பன்னாட்டுக் கண்காட்சி நடந்தது.

புதுக்கோட்டை மேஸ்திரிகள் இவை எதையும் படித்ததில்லை. ஆனால் கலிபோர்னியக் கண்ணாடிச் சுவரை இங்கே ஒருவரும் எடுத்துக்கொள்ளவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எடுத்துக்கொண்டது தட்டைத் தளம், நீளப் படுக்கைக் கோடுகள், தேவையற்ற அலங்காரத்தை விட்டது, புதிய பொருளை மறைக்காமல் காட்டியது. சுவர் சுவராகவே இருந்தது, நிழல் கூடியது. சரியான தேர்வு.

நமக்குப் பக்கத்திலேயே இதற்கு ஒரு முன்னோடி உண்டு. புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் ‘கோல்கொண்ட்’ விடுதி. செக் நாட்டில் பிறந்த ஆன்டனின் ரேமண்ட் வடிவமைத்து, ஜார்ஜ் நகாஷிமாவும் ஃபிரான்டிஷேக் சாம்மரும் தங்கியிருந்து எழுப்பியது. 1930களின் பிற்பகுதியில் தொடங்கி நாற்பதுகளில் முடிந்தது. கண்ணாடி ஜன்னலே இல்லை. வடக்குச் சுவரும் தெற்குச் சுவரும் முழுக்கத் திருப்பக்கூடிய பட்டைகள். உள்ளே தேக்கில் சறுக்குக் கதவு. கீழே கடப்பைக் கல். தளத்துக்கு மேலே வளைந்த காங்கிரீட் ஓடுகள், இடையில் காற்று போக இடைவெளி. மேஸ்திரி ஒருமுறை புதுச்சேரி போனபோது வெளியிலிருந்து பார்த்திருக்கிறார். அவர் மனதில் நின்றது அந்தப் பட்டைகள் இல்லை, இரட்டைக் கூரைதான். “நம்ம வீட்டுல அது ஒண்ணுதான் குறை. தளத்துக்கு மேல தடுப்பு இல்ல” என்றார்.

உண்மைதான். நாலரை அங்குல காங்கிரீட் தளம் பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு இரவில் கட்டிலின் மேல் கொட்டுகிறது. பழைய டெரஸுக்கு இந்தக் குணம் இவ்வளவு கிடையாது. அக்காலத்து நல்ல வேலைகளில் தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் மூன்று நான்கு அங்குலம் போட்டு அடித்து, அதன் மேல் தட்டோடு பதித்திருப்பார்கள். நீரையும் தடுக்கும், சூட்டையும் தாங்கும். ஐம்பது அறுபது ஆண்டில் ஓட்டின் இடுக்குகள் திறந்து நீர் இறங்கும். அப்போது பெரும்பாலானவர்கள் செய்வது, மொத்தத்தையும் பெயர்த்தெடுத்துவிட்டு ஏதாவது ஒரு கெமிக்கலை இரண்டு கோட்டிங் அடிப்பது. மேஸ்திரி பெயர்க்க விடுவதில்லை. ஓடு பிடிப்பாக இருந்தால் இடுக்கை மட்டும் கிளறிச் சுத்தம் செய்து மறுபடி அடைக்கிறார், நீர்ப்போக்குக் குழாயின் வாயைச் சரிசெய்கிறார், ஆண்டுதோறும் பங்குனியில் சுண்ணாம்பு வெள்ளையடிக்கச் சொல்கிறார். வெள்ளை, வெயிலைத் திருப்பி அனுப்பும். கீழே அறையில் படுத்திருப்பவருக்கு அது உடனே தெரியும்.

இந்த வீடுகளின் உண்மையான நோய் கம்பியில் இருக்கிறது. அக்காலத்துக் கம்பி வழவழப்பான உருண்டை இரும்பு. முறுக்குக் கம்பி அறுபதுகளின் கடைசியில்தான் நாட்டுக்குள் வந்தது. புது காங்கிரீட்டுக்குள் இருக்கும் காரத்தன்மை கம்பியைத் துருவிலிருந்து காப்பாற்றும். காற்றிலுள்ள கரியமிலவாயு ஆண்டுக்குக் கொஞ்சமாக உள்ளே ஊறி அந்தக் காரத்தைக் கொல்கிறது. அந்த ஊறல் கம்பியைத் தொட்டு, ஈரமும் சேர்ந்தால் துரு. துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். காங்கிரீட்டை உடைத்துக்கொண்டு வெளியே வரும். மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் பக்கத்து வீடுகளில் உப்புக்காற்றும், கலவைக்கு ஊற்றிய உவர்நீரும் சேர்ந்து இதைப் பாதி வயதிலேயே நடத்திவிடுகின்றன.

2018 நவம்பர் 16-இல் கஜா புயல் அடித்தபோது ஆலங்குடி, கீரமங்கலம், அறந்தாங்கிப் பக்கமெல்லாம் தென்னையும் பலாவும் ஓட்டுக்கூரையும் ஆஸ்பெஸ்டாஸும் போயின. காங்கிரீட் தளங்கள் நின்றன. ஆனால் உள்ளுக்குள் துருவேறியிருந்த சன்ஷேடுகள் மேலே சாய்ந்த கிளையின் பாரம் தாங்காமல் இறங்கின. அந்த மாதங்களில் மேஸ்திரிக்கு வந்த வேலை பெரும்பாலும் அதுதான். பலர் உடைந்த ஒன்றை மட்டும் சரிசெய்யாமல் எல்லா சன்ஷேடையும் வெட்டி எறியச் சொன்னார்கள். அதன்பின் வீடு மொட்டையாக நின்று வெயிலையும் சாரலையும் நேராக வாங்கிக்கொண்டது.

அவர் சன்ஷேடு பார்க்கும் முறையைக் கிட்டத்தில் நின்று பார்க்க வேண்டும். முதலில் கையில் சின்னச் சுத்தி. விளிம்பிலிருந்து சுவர் வரை அரையடிக்கு ஒரு தட்டு. நல்ல காங்கிரீட் ‘டங்’கென்று திரும்பும். உள்ளே பிரிந்திருந்தால் ‘டொப்’பென்று அமுங்கும். அமுங்கிய இடத்தைச் சுற்றிச் சாக்பீஸில் வட்டம். பிறகு ஏணியில் ஏறி மேற்பக்கம், குறிப்பாகச் சுவரோடு சேரும் கோடு. அங்கே மயிரிழையாக நீளவாக்கில் வெடிப்பு ஓடினால் கீழே ஆள் நிற்க விடமாட்டார். காரணம், சன்ஷேடு ஒருபக்கம் மட்டும் பிடிமானம் உள்ளது; அதன் உயிர்க்கம்பி மேற்பரப்பை ஒட்டி ஓடுகிறது. மழைநீர் மேலே தேங்கினால் நேரே அந்தக் கம்பிக்குப் போகும். காங்கிரீட் போடும்போது ஆள் மிதித்துக் கம்பியைக் கீழே அமுக்கியிருந்தாலும் சன்ஷேடுக்குப் பலம் போய்விடும். அப்படி அமுங்கிய கம்பியைத் திறந்த பிறகு பார்த்தால், அன்றைக்கு மிதித்தவரைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசமாட்டார். முட்டுக் கொடுத்து மொத்தமாக இறக்கிப் புதிதாக வார்ப்பார்.

கம்பி இடத்தில் இருந்தால் காப்பாற்றலாம். தளர்ந்த காங்கிரீட்டை உளியால் எடுத்து, கம்பியின் பின்புறமும் விரல் நுழையும்படி திறக்கிறார். இரும்புத் தூரிகையால் வெள்ளையாகும்வரை தேய்க்கிறார். கால்பங்கு கரைந்திருந்தால் பக்கத்தில் புதுக்கம்பி சேர்த்து, நல்ல இடம் வரை நீட்டிக் கட்டுகிறார். துத்தநாக பிரைமர், அது காய்ந்த பின் லேடெக்ஸ் கலந்த சிமெண்ட் பால், அதன் ஈரம் போகும் முன் கலவை. கலவையை ஒரே அடியாக அப்பாமல் அடுக்கடுக்காக. மேலே சுவரிலிருந்து விளிம்புக்கு வாட்டம். கடைசியாக அடிப்பக்கத்தில், விளிம்பிலிருந்து ஓர் அங்குலம் உள்ளே தள்ளி, நீளத்துக்கும் ஒரு பள்ளக்கோடு. மழைநீர் விளிம்பைச் சுற்றி அடியில் ஊர்ந்து சுவருக்கு வரும்போது அந்தக் கோட்டைத் தாண்ட முடியாமல் சொட்டிவிடும். அரை விரல் ஆழமுள்ள அந்தக் கோடு இல்லாததால் கெட்ட சுவர்கள் ஏராளம். பிறகு ஒரு வாரம் நனைத்த சாக்கு. இந்த ஒரு வாரம்தான் வீட்டுக்காரர்களோடு அவருக்குத் தகராறு வருகிற இடம். சாக்கை எடுத்துவிட்டுப் பெயிண்ட் அடிக்க எல்லோருக்கும் அவசரம்.

தரைக்கு வருவோம். இந்த வீடுகளில் படுக்கையறைக்கும் சமையலறைக்கும் பெரும்பாலும் ரெட் ஆக்சைடு, ஓரத்தில் கருப்பு பார்டர். ஹாலுக்கு மொசைக். ஆத்தங்குடி கல் பக்கத்தில்தான் கிடைத்தது. ஆனாலும் டவுன்காரர்கள் மொசைக்கைத்தான் கேட்டார்கள். இணைப்பில்லாத ஒரே தரை, கழுவ எளிது, அன்றைக்கு அதுதான் புதுமை.

மேஸ்திரி கையாளாக இருந்தபோது இயந்திரம் எல்லா இடத்துக்கும் வரவில்லை. அடித்தளம் போட்டு, கண்ணாடிப் பட்டைகளைக் குத்தாக நிறுத்திக் கட்டம் பிரிப்பார்கள். அந்தப் பட்டை அழகுக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். சிமெண்ட் இறுகும்போது சுருங்கும். கட்டம் பெரிதானால் தரை தன் இஷ்டத்துக்கு வெடிக்கும். பட்டை இருந்தால் அந்த வெடிப்பு பட்டையோரம் ஒளிந்துகொள்ளும். கட்டத்துக்குள் மார்பிள் சில்லும் வெள்ளை சிமெண்டும் கலந்து கொட்டி, ரோலர் உருட்டி, சில்லு குறைந்த இடத்தில் கையால் தூவி, மறுபடி உருட்டுவார்கள். வெள்ளை சிமெண்ட் அப்போது அருமை. கேரளத்து ஆலையில் 1959-இல்தான் உற்பத்தி தொடங்கியது. அதற்கு முந்திய மொசைக் தரைகளில் சாம்பல் நிறம் தூக்கலாக இருப்பதற்கு இது ஒரு காரணம். நாலைந்து நாள் நீர் கட்டிவைத்து, பிறகு தேய்ப்பு. கார்பரண்டம் கல்லோடு முட்டிபோட்டு உட்கார்ந்து, நீர் ஊற்றி ஊற்றி, முரட்டுக் கல்லில் ஒரு முறை. வெண்சேறு வழியும், கழுவினால் சில்லுகள் முகம் காட்டும். ஊசித் துளைகளைச் சிமெண்ட் பாலால் அடைத்து மறுபடி நடுத்தரக் கல், கடைசியில் மென்கல். ஆக்ஸாலிக் ஆசிட் தூவிக் கம்பளியால் தேய்த்தால் பளபளப்பு. முட்டி தேய்ந்த பெண்களும் ஆண்களும் செய்த வேலை அது. அவர்களுக்குக் கிடைத்த கூலியை நினைத்தால் இன்றைக்கும் மேஸ்திரிக்கு மனம் ஆறவில்லை.

அப்படிப்பட்ட தரையின் மேல்தான் இப்போது விட்ரிஃபைடு டைல்ஸ் ஒட்டுகிறார்கள். ராயவரத்தில் ஓர் ஆச்சி, ஹால் தரை மங்கிவிட்டது, டைல்ஸ் போட வேண்டும் என்று அவரைக் கூப்பிட்டார். மேஸ்திரி பேசாமல் ஒரு கட்டத்தை மட்டும் இயந்திரத்தில் தேய்த்துக் கழுவிவிட்டு ஒதுங்கி நின்றார். கருப்பு, மஞ்சள், பச்சைச் சில்லுகள் ஈரத்தில் ஒளிர்ந்தன.

“இது நாங்க குடிவந்தப்ப இருந்த நெறம்ல?” என்றார் ஆச்சி.

“அதேதான் ஆச்சி. உள்ளதுதான் இருக்கு. மேல அழுக்கும் மெழுகும். டைல்ஸ் போட்டா தரை உசந்துரும், எல்லாக் கதவையும் அடியில அறுக்கணும்.”

“கதவை அறுக்கிறதாவது? அப்பச்சி செஞ்சு வச்ச கதவு. இதையே தேய்ச்சுரு மேஸ்திரி.”

எல்லா வீட்டிலும் இப்படி முடிவதில்லை. அவர் வாதாடித் தோற்ற வீடுகளும் இருக்கின்றன. இடிப்பதற்குப் பணம் ஒரு காரணம். அண்ணன் தம்பி பாகம் இன்னொரு காரணம். பழையது என்ற கூச்சம் மூன்றாவது. ஆனால் மேஸ்திரி வேறொன்றைச் சொல்கிறார், அதுதான் யோசிக்க வேண்டியது. செட்டிநாட்டு மாளிகையைப் பிரித்தால் தூண், நிலை, உத்தரம், கண்ணாடி எல்லாம் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளுக்குப் போய் விலையாகும். வேறெங்கோ ஒரு ஓட்டலில், ஒரு பண்ணை வீட்டில் மறுபடி நிற்கும். காங்கிரீட் வீட்டைப் பிரிக்க முடியாது, உடைக்கத்தான் முடியும். வளைந்த சன்ஷேடும் மொசைக் தரையும் ஜாலிச் சுவரும் லாரியில் இடிபாடாக ஏறும். மிஞ்சுவது சில கதவுகள். அந்த வீட்டின் மதிப்பு முழுதும் அது நின்ற இடத்தில், நிற்கும் விதத்தில் இருக்கிறது.

இலங்கையில் ஒரு வீட்டுக்கு இந்த விதி மாறியது. கொழும்பில் கலைஞர் ஈனா டி சில்வாவுக்காக ஜெஃப்ரி பாவா 1960-இல் தொடங்கி 1962-இல் முடித்த வீடு, நடுவில் பெரிய முற்றமும் சுற்றிலும் தாழ்வாரமுமாக அந்தக் காலத்து நவீனத்தையும் ஊர் மரபையும் ஒன்றாகச் சேர்த்தது. நிலம் கைமாறியபோது அதைக் கல் கல்லாக, ஓடு ஓடாக எண்போட்டுக் கழற்றி, பாவாவின் தோட்டமான லுணுகங்கைக்குக் கொண்டுபோய் மறுபடி கட்டினார்கள். 2016-இல் வேலை முடிந்தது. அதற்கு ஓர் அறக்கட்டளையும் ஆண்டுக்கணக்கில் பொறுமையும் தேவைப்பட்டன. புதுக்கோட்டை வாத்தியார் வீட்டுக்கு அப்படி யார் வரப்போகிறார்கள்? இங்கே செய்யக்கூடியது, நின்ற இடத்திலேயே காப்பாற்றுவதுதான். அதற்கு ஆகும் செலவு புது வீட்டுச் செலவில் ஒரு சிறு பங்கு என்பதை மேஸ்திரி தாளில் எழுதிக் காட்டுகிறார். மாவட்டத்தில் இருக்கும் பொறியியல் கல்லூரிகளும் பாலிடெக்னிக்குகளும் தம் மாணவர்களைக் கொண்டு இந்த வீடுகளை அளந்து படம் போட்டு வைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும். ஓவர்சியர் தாள்கள் பெரும்பாலும் செல்லரித்துப் போய்விட்டன.

இப்போது அவர் கையில் இருப்பது ராஜகோபாலபுரத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஐம்பதுகளில் கட்டிய வீடு. பேரப்பிள்ளைகளில் ஒருவருக்கு இடித்து அடுக்குமாடி கட்ட ஆசை, மற்றவருக்கு வாடகைக்கு விட ஆசை. இருவரும் உட்கார்ந்து பேசி, முன்கட்டை மட்டும் இப்போதைக்குப் பழுதுபார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். ஐப்பசி மழைக்கு முன் மேல்தளத்து இடுக்குகளையும் நீர்ப்போக்கையும் முடிக்க வேண்டும். மழையில் எங்கே கசிகிறது என்று பார்த்துக்கொண்டு, கார்த்திகை கழிந்ததும் தெற்குப் பக்கச் சன்ஷேடு. தைக்குப் பிறகு வென்டிலேட்டர்களில் அடைத்திருக்கும் பிளைவுட்டை எடுத்துவிட்டு மொசைக். கூட வேலைசெய்யும் இரண்டு இளைஞர்களுக்கு இந்த முறை சுத்தியைக் கொடுத்துத் தட்டிப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்; வட்டம் போடுவது அவர்கள், சரிபார்ப்பது இவர். பின்கட்டு என்னாகும் என்பது சித்திரையில் குடும்பம் கூடும்போதுதான் தெரியும். அதற்குள் முன்கட்டு ஹாலில் ஒரு கோடைப் பகலை அவர்கள் உட்கார்ந்து பார்த்துவிட வேண்டும் என்று வேலையை வேகமாக நகர்த்துகிறார் மேஸ்திரி.